பிள்ளைங்க பங்கு

நகரம் எரிக்கிற மின்சாரம் நாளைக்கும் தாங்குமா என்று அளந்து மதிப்பெண் போடுவது அவள் வேலை. இன்று தின்று தீர்த்தது போக, இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் அளவு. பல வருடம் ஏங்கி, இப்போது ஏழு மாத வயிற்றோடு வேலைக்கு வருகிறவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மிச்சத்துக்கு அலுவலகத்தில் ‘பிள்ளைங்க பங்கு’ என்று பெயர். பெயரென்னவோ செல்லமாகத்தான் இருந்தது. வருடாவருடம் அதில் கைவைக்க மட்டும் யாருக்கும் மனம் கூசியதில்லை.

இந்த வருடம் அந்தப் பங்கில் துண்டு விழுந்தது. தேடிப் பார்த்தால், கட்டி முடித்து இன்னும் யாருமே குடிவராத அடுக்குமாடி ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்ததும் அவளும் கணவனும் குடிபோகவிருந்த வீடும் அதில்தான் இருந்தது.

“ஆளில்லாத வீட்டுல எவன் கரண்ட் எரிக்கிறான்? போய் மெயினை இறக்கச் சொல்லிட்டு வாம்மா. நமக்கு மார்க் தேறணும்” என்றார் மேலதிகாரி.

ஒயர்மேனைக் கூட்டிக்கொண்டு மத்தியானமே போனாள். சட்டென்று சூடாகிவிடுவார் என்பதால் அவருக்கு ஃபியூஸ் என்று பட்டப்பெயர். கீழ்த்தளத்து அறையில் வரிசையாக மீட்டர்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ் மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தார். வாய் நிறையத் திட்டுவார் என்று பார்த்தால், மீட்டர்களை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

“மேடம், மேல ஒரு வீட்டுலயும் ஒயரே இழுக்கல. பல்பு இல்ல, ஃபேன் இல்ல. அப்புறம் எப்படி இது ஓடுது?”

அவள் தன் வீட்டு மீட்டரைத் தேடிப்போய் நின்றாள். ஸ்கேன் அறையில் பிள்ளையின் இதயம் துடிக்கப் பார்த்த அதே வேகத்தில் அந்தப் புள்ளி துடித்தது. கிட்டே போனதும் இன்னும் வேகமெடுத்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயந்து திரும்பினாள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“இறக்கிடவா மேடம்?”

தலையாட்டினாள்.

கைப்பிடி இறங்கியது. எல்லாப் புள்ளிகளும் ஒருசேர அணைந்தன. அவள் உடம்புக்குள்ளும் ஏதோ ஓய்ந்துபோனது.

“போடுங்க. திரும்பப் போடுங்க” என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

ஃபியூஸ் பதறிப்போய் மெயினை ஏற்றினார். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் துடிக்க ஆரம்பித்தன.

“எல்லாம் வந்துடுச்சு மேடம்” என்றவர், அவள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இது ஒண்ணுதான் வரல.”

அவள் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் காத்திருந்தாள். மெல்லத் தட்டிப் பார்த்தாள். இன்னும் பெயர் வைக்காத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் “கண்ணு, கண்ணு” என்றாள்.

கைப்பேசி அடித்தது. மேலதிகாரிதான்.

“என்னம்மா, இறக்கியாச்சா? இப்பக் கணக்கு எங்கேயும் உதைக்கலையே?”

“உதைக்கல சார்” என்றாள்.