குதிகாலில் ஒரு குடித்தனக்காரன்

முப்பது வருடம் லிப்ட் பழுது பார்த்தவர், ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுப் படகு வாங்கினார். மனைவியையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றினார். மூன்று வருடத்தில் அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான்: லிப்ட் கெட்டுப்போனால் நிற்கும், படகு கெட்டுப்போனால் கீழே போகும்.

அன்று மத்தியானம் ஒரு பவளத் தீவின் ஓரம் நங்கூரம் போட்டிருந்தார்கள். உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு, சாப்பாட்டு மேசைமேல் பத்துத் துண்டாகக் கிடந்தது. அந்த நேரத்தில் படகின் அடியில் கை வைக்கக்கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது. தரைப் பலகையில் இருந்த மூடியைக் கழற்றி ஓரமாகப் போட்டார். படகின் அடியில் துளைபோட்டுச் செருகியிருந்த, வேகம் காட்டும் சின்னச் சக்கரத்தைச் சுத்தம் செய்ய உருவினார். அதில் ஒட்டியிருந்த சிப்பி விரலைக் கிழித்தது. சக்கரம் நழுவிப் பலகைகளுக்கு அடியில் எங்கேயோ உருண்டு போயிற்று.

தேநீர்க் குவளையின் வாயளவு ஓட்டை. கடல் முழ உயரம் எழுந்து உள்ளே வந்தது. அவர் வலது குதிகாலை ஓட்டையில் திணித்தார்.

"அடியே! அந்தக் கறுப்பு அடைப்பானைக் கொண்டா!"

"எங்க இருக்கு?"

"நோட்டைப் பாரு!"

எந்தப் பொருள் எங்கே என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மனைவி மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, பக்கம் புரட்டி வாசித்தாள். "ஓட்டை அடைப்பான். அவசரத்துக்குக் கைக்கு எட்டும் இடத்தில்."

"எந்த இடம்னு போட்டிருக்கு?"

"அதைத்தான் மகராசன் எழுதலையே!"

குதிகாலைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டது. கணுக்கால் முழுகியது. எதிரே பேட்டரிப் பெட்டி. தண்ணீர் அதைத் தொட இன்னும் நான்கு விரல். தொட்டால் இன்ஜின் கிளம்பாது, ரேடியோ பேசாது. அப்புறம் மூழ்க வேண்டியதுதான். வேறு வீடும் கிடையாது.

அவள் அலமாரியைக் கவிழ்த்தாள். மெத்தையைப் புரட்டினாள். மூன்று விரல்.

அப்போது கடலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவர் குதிகாலை முத்தமிட்டது. முத்தமிட்டதோடு விடவில்லை.

"ஏம்மா, என்னமோ காலைப் பிடிச்சிருச்சு!"

"நம்ம குடித்தனக்காரனா இருக்கும்."

பத்து நாளாகத் தலையிலுள்ள உறிஞ்சுபட்டையால் படகின் அடியில் ஒட்டிக்கொண்டு, வாடகை தராமல் கூடவே வரும் ஒட்டுமீன் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் பின்பக்கம் நின்று தட்டில் கரண்டியால் தட்டுவாள். அது வந்து மிச்சத்தைத் தின்றுவிட்டு மறுபடி போய் ஒட்டிக்கொள்ளும்.

தேடுகிற வேகத்தில் அவள் தரை மூடியில் மூன்றாம் தடவையாக இடறினாள். எரிச்சலில் எட்டி உதைத்தாள். மூடி புரண்டது. அதன் அடிப்பக்கம், கம்பியால் கட்டப்பட்டு, கறுப்பு அடைப்பான்.

"இதை இங்க கட்டினது யாரு?"

மெக்கானிக் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. அடைப்பானை மட்டும் வாங்கிக்கொண்டு காலை இழுத்தார். வரவில்லை. ஒரு விரல்.

"காலை உருவுங்க!"

"விடமாட்டேங்குதுடி!" என்று அலறினார்.

லிப்டில் மாட்டிக்கொண்டு அலறியவர்களுக்கெல்லாம் வெளியே நின்றபடி அவர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. கட்டியவளுக்கு அது மனப்பாடம்.

"பதறாதீங்க. ஒண்ணும் ஆகாது. இதோ வந்துட்டே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, அவள் மேல்தளத்துக்கு ஓடிப்போனாள்.

உள்ளே மாட்டிக்கொண்டு கேட்டால் அதில் துளி ஆறுதலும் இல்லை என்பது மெக்கானிக்குக்கு அன்றுதான் தெரிந்தது.

மேலே, படகின் பின்பக்கம், டங் டங் டங் என்று கரண்டி தட்டில் விழுந்தது.

கால் பட்டென்று விடுபட்டது. மெக்கானிக் மல்லாந்தார். கடல் மோவாயில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டே அடைப்பானைச் செருகி, முழு பலத்தோடு திருகினார். தண்ணீர் நின்றது. பேட்டரிப் பெட்டிக்கு அரை விரல் பாக்கி.

அவள் இறங்கி வந்து, நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, 'மூடிக்கு அடியில்' என்று எழுதினாள். சீப்பை அழுத்தினாற்போல் வரிவரியாகத் தடம் விழுந்திருந்த குதிகாலையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றைக்கு முதல் பந்தி குடித்தனக்காரனுக்கு. பம்பு ஒன்றாகச் சேர்ந்து, உள்ளே கிடந்த கடலைக் கடைசிச் சொட்டு வரை இறைத்துக் காட்டிய பிறகுதான் மெக்கானிக்குக்குத் தட்டு வந்தது.