மூட்டைக்குள் வந்த எலி

மூட்டையைத் தூக்கியதுமே அடியில் இருந்த ஓட்டை ஜிஸ்லேனின் கண்ணில் பட்டது. உள்ளே ஒரு சீமைப்பலா பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. சதையில் இரட்டை இரட்டையாகப் பல் தடங்கள்.

அந்தச் சின்னத் தீவில் எலி கிடையாது. அதனால்தான் சாந்தேஸ் என்ற அரிய குருவிகள் அங்கே பிழைத்திருந்தன. கரிய உடல், சிறகில் வெள்ளைப் பட்டை, மொத்தம் நாற்பத்திரண்டு. படகில் எது வந்தாலும் கரையோரத் தகரக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். பதினோரு வருடமாகக் குருவிகளுக்குக் காவல் இருக்கும் ஜிஸ்லேன் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் நேற்று கொட்டும் மழையில் மூட்டையோடு நின்றவன் அவள் தம்பி அந்தோனென். "நேரா வீட்டுக்கே கொண்டுபோயிடுறேன்க்கா" என்றான். தலையாட்டிவிட்டாள்.

கடல் கொந்தளித்ததால் அவனும் அவள் வீட்டிலேயே தங்கியிருந்தான்.

"நண்டு கடிச்சிருக்கும்," என்றான்.

"நண்டுக்கு ஏதுடா பல்லு?"

"சரி, எலிதான். ரெண்டு பொறி வச்சு நாமளே புடிச்சிடலாம். வெளிய சொன்னா என்னைப் படகு ஓட்ட விடமாட்டாங்க. அப்புறம் எம் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவே?"

அவள் வெளியே நடந்தாள். கால் பட்டுப் புரண்ட சருகில் பூச்சி பொறுக்க ஒரு குருவி பின்னாலேயே தத்தி வந்தது. துளி பயமில்லை. எலி வந்தாலும் இது இப்படித்தான் நிற்கும். ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டை, அதுவும் கைக்கெட்டும் பொந்தில்.

நேராகத் தீவுப் பொறுப்பாளர் பெர்தில்டாவிடம் போனாள்.

"மேடம், எலி எறங்கிடுச்சு. என் வீட்டு வழியா."

பெர்தில்டா காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "ஒண்ணா, ரெண்டா?"

"தெரியல."

"தெரிஞ்சதைச் சொல்லு."

"தப்பு என்னோடது."

எட்டுப் பேர் தீவு முழுக்க அறுபது பொறி வைத்தார்கள். காலடி பதிய மைப் பலகைகள் பரப்பினார்கள். ஐந்து நாள் ஒன்றும் சிக்கவில்லை. ஆறாம் நாள், குருவி அடைகாத்த வாதுமை மரத்தடிப் பலகையில் குட்டிக் குட்டிப் பாதங்கள் பதிந்திருந்தன.

அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்தோனென் சுத்தியலை எடுத்தான். எலி ஏறாதபடி மரத்தைச் சுற்றித் தகரம் அடித்தான். பிறகு அடுப்பை மூட்டிப் பொறியில் வைக்கத் தேங்காய் வறுத்தான்.

"எங்கூடவே வந்தது. அதோட ருசி எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை பொறி விழுந்திருந்தது. எலி செத்துக் கிடந்தது. பெட்டை.

பெர்தில்டா கத்தியால் வயிற்றைக் கீறினார். எங்காவது குட்டி போட்டிருந்தால் எல்லாம் போச்சு.

"ஆறு," என்றார். "எல்லாம் உள்ளேயே இருக்கு. இன்னும் ஈனல."

பொறிகளை மட்டும் எடுக்கவில்லை. அதன் பிறகு மைப் பலகைகள் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தன. ஜிஸ்லேனை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்தோனெனின் படகை இனி அந்தக் கரைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

எலி சிக்கிய வாரமே கடல் அடங்கியது. அன்று முழங்கால் தண்ணீரில் நின்று அவன் படகைத் தள்ளிவிட்டாள்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றான்.

"முடியலடா."

"ஊர்ல நம்ம வீட்டுல எல்லாரும் கேப்பாங்க. நானே சொல்லிக்கிறேன்."

"ஈஸ்டருக்கு வீட்டுக்கு வரட்டுமா?" என்றாள்.

"கூப்பிடுறேன்," என்று எஞ்சினைக் கிளப்பினான்.

அந்த வருடம் அவன் கூப்பிடவில்லை.