லோடில் வந்த கல்

பூந்தமல்லி நஜீர் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். எட்டு வருஷமாக அவர் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்த கல்லை, கல்லூரியில் படிக்கும் மகள் ஜோயா ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "அத்தா, இது கற்கால மனுசன் செஞ்ச கைக்கோடாலி" என்றாள். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் பூண்டிப் பக்கத்து அகழாய்வுக் குழிக்கு வந்திருந்தார்கள்.

குழியில் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஆழம் எழுதிய சீட்டு இருந்தது. அங்கே வேலை பார்க்கும் மைதிலி கல்லை வாங்கியதும் முகம் மலர்ந்தாள்.

"எங்க, எத்தனை அடி ஆழத்துல கெடைச்சுது?"

"தெர்லம்மா. மாங்காட்டுல மனை ரொப்ப செம்மண் அட்ச்சுகினு இருந்தேன். லோடுல வந்துச்சு."

"எந்த மண் அடுக்குன்னு தெரியலன்னா வயசைச் சொல்லவே முடியாதே, சார். இது ஒண்ணுதானா வந்துச்சு?"

"ஒண்ணுதான். எங்க அத்தா பத்திரமா வச்சிருந்தாரு" என்று ஜோயா முந்திக்கொண்டாள்.

நஜீர் தலையை ஆட்டினார், நிமிர முடியவில்லை. அதே லோடில் இதே மாதிரி வந்த நாலு கூடைக் கல்லைச் சுத்தியலால் உடைத்து ஜல்லியாக்கித்தான் வாசல்படிக்குக் கான்கிரீட் போட்டிருந்தார். இந்த ஒன்று மட்டும் எத்தனை அடித்தும் உடையவில்லை.