முதல் விலை

முதலில் சொல்லுகிற விலை விலையே இல்லை என்பது அந்தோணிமுத்துவின் கட்சி. கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்கு எதிரே, நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை அவருடையது. சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு எவனாவது போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. குறைச்சலாகச் சொல்லித் தொலைத்துவிட்டோமே என்று உருகிப்போவார். பாவசங்கீர்த்தனத்தில்கூட, பரிகாரமாக ஐந்து ஜெபமாலை சொல்லச் சொன்ன சாமியாரிடம் மூன்றுக்கு முடித்துக்கொண்டு வந்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

அவர் மனைவி சலோமிக்கு இதெல்லாம் மானக்கேடு. சாமான் வாங்கப் போன கடையில் அவர் பேரத்தை ஆரம்பித்ததும், யாரோ எவரோ என்பதுபோல நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

“உன்ன மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும், கடைக்காரன் மாடி கட்டிருவான்” என்பார் அவர். “அஞ்சு ரூவா குறைச்சுக்கங்கன்னு கேக்குற. அது ஒரு கேள்வியா? பாதியில ஆரம்பிக்கணும் புள்ள. பாதியில ஆரம்பிச்சாத்தான் முக்காலுக்கு வந்து நிக்கும்.”

அப்படிப்பட்டவருக்குப் போன செப்டம்பரில், மாதா திருநாள் முடிந்த வாரம், புதுச்சேரியில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள்.

“ஆயுசுக்கும் தேயாது” என்றார் டாக்டர். “ஆனா அதுல ரத்தம் கட்டிக்கக் கூடாது. அதுக்குத்தான் தினம் மாத்திரை. ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்குன்னு காட்ட ஐ.என்.ஆர்.னு ஒரு நம்பர் இருக்கு. உங்களுக்கு ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்கணும். கீழ போனா வால்வு அடைச்சுக்கும். மேல போனா எங்கயாவது ரத்தம் கசியும்.”

“ரெண்டுக்கு முடிச்சுக்கலாமா சார்?”

டாக்டர் சிரித்தார். அன்றைக்குச் சலோமியும்தான் சிரித்தாள்.

வால்வு சத்தம் போடும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. டிக், டிக் என்று கைக்கடிகாரத்தை டம்ளருக்குள் போட்ட மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும். சட்டை மெல்லிசாக இருந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கும். இதை முதலில் கண்டுபிடித்தது சோமசேகரன். போலகத்துக்காரர், நாலு லாரி வைத்திருந்தார், பதினைந்து வருஷ வாடிக்கை.

“ஒரே விலைதான் தம்பி, இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது” என்று அந்தோணிமுத்து கையை விரித்தபோது, சோமசேகரன் மேசைமேல் சாய்ந்து காதைக் கொடுத்தார்.

“அண்ணே, வாய் ஒண்ணு சொல்லுது, நெஞ்சு வேற சொல்லுது. இந்த ஓட்டம் ஓடுதே! இன்னும் எறங்குவீங்க போலருக்கே.”

அதோடு மானம் போயிற்று. லாரி டிரைவர்கள் எல்லாரும் மேசைமேல் சாய ஆரம்பித்துவிட்டார்கள். அந்தோணிமுத்து இரண்டு பனியன் போட்டுப் பார்த்தார். பாட்டை அலறவிட்டுப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வியாபாரம் செய்த மனிதனை அவர் நெஞ்சே காட்டிக்கொடுத்தது.

சலோமிக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அடுப்படியில் அரிசி களைகிறபோதும் காதில் விழுகிற மாதிரி, கூடத்தில் அவர் நாற்காலியை எங்கே போட வேண்டும் என்று இடம் பார்த்து வைத்திருந்தாள்.

ரத்தம் பார்க்கிற மெஷினை பிரான்ஸிலிருந்து அவருடைய தங்கை டெல்பின் அனுப்பியிருந்தாள். கைக்கு அடக்கமான சாமான். ஒரு பட்டையைச் செருகி, விரலில் குத்தி, வருகிற முதல் துளியை அதில் தொட்டு வைத்தால் ஒரு நிமிஷத்தில் நம்பர் வந்துவிடும். பட்டைகள் அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில்தான் வர வேண்டும். சனிக்கிழமைதோறும் காலையில் பார்த்து, நம்பரை ஆஸ்பத்திரி நர்ஸ் விஷ்ணுப்ரியாவுக்கு சலோமி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அந்த வாரத்துக்கு எத்தனை மாத்திரை என்று பதில் வரும். அஞ்சு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு தவக்காலம் வந்தது.

ஆபரேஷன் நடந்த அன்று, நாலு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்த சலோமி, தேற்றரவு மாதாவிடம் ஒரு நேர்ச்சை சொல்லியிருந்தாள். இவரைத் திருப்பிக் கொடுத்துவிடு தாயே, வருகிற தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கவிச்சி ஏறாது. மூன்று வேளையும் மீன் இல்லாமல் சாப்பிட்டறியாத வீடு அது. வெள்ளிக்கிழமைகள் மட்டும் என்று சொல்லியிருந்தாலும் மாதா ஒத்துக்கொண்டிருப்பாள். சலோமிக்குத்தான் பேசத் தெரியாதே. மொத்தத்தையும் கொடுத்துவிட்டாள்.

மீன் இல்லாத வீட்டில் என்ன சமைப்பது? கொல்லை முருங்கை அந்த மாசியில் கிளைக்குக் கிளை தளிர் விட்டிருந்தது. துவட்டல், கடையல், அடையில் கொஞ்சம், சாயங்காலம் சூப்பாக ஒரு டம்ளர். ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுத் தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. கீரை கூடாது என்று அதில் இல்லை. வாரம் இரண்டு கரண்டி, எந்த வாரமும் கூடாமல் குறையாமல், கூடினால் மாத்திரையின் வேலையைக் கீரை கெடுத்துவிடும் என்று இருந்தது. அவள் அதைத் தினமும் பார்த்தாள். மாதாவுக்காகச் சாப்பிடுகிற கீரை கெடுதல் செய்யாது என்று அவளாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

“ஆட்டுக்குத் தழை கட்டுற மாதிரி கட்டுறியே புள்ள” என்பார் அவர். ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்.

தவக்காலத்தின் மூன்றாவது சனிக்கிழமை நம்பர் 1.6 என்று வந்தது.

“இதென்னடா இது, எடுத்த எடுப்புல இப்படிச் சொல்றான்” என்றார் அந்தோணிமுத்து, எதிரே எவனோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. இன்னொரு பட்டையைச் செருகி அடுத்த விரலைக் குத்தினார். 1.5.

“என்னங்க, போதுங்க. மொதல்ல வந்ததையே அனுப்பிருவோம்.”

“மொதல்ல வந்தத எவன் எடுப்பான்? இரு.”

மூன்றாவது 1.7. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஏறுகிறதல்லவா? நாலாவது மறுபடி 1.6. விரலில் ரத்தம் வர மறுத்தது. வெந்நீர் கொண்டுவரச் சொல்லிக் கையை முக்கினார். ஈரத்தைத் துடைக்காமலே குத்தி, பிதுக்கி, பிதுக்கி, நீர்த்துப்போன ஒரு துளியைத் தொட்டு வைத்தார்.

2.5.

“பாத்தியா!” என்று தொடையில் தட்டினார். “ஒண்ணு ஆறுன்னு சொன்ன பய இப்ப எங்க வந்து நிக்கிறான் பாரு. இத அனுப்பு.”

“நாலு தடவை வேற வந்துச்சேங்க.”

“அத அனுப்பினா அந்தப் பொண்ணு என்ன சொல்லும்? வயித்துல ஊசி போடணும், பத்து நாள் வந்து படுங்கன்னு சொல்லும். கப்பல் வந்து நிக்கிது. ரோடு பூரா லாரி. வருஷத்துல இந்த ரெண்டு மாசம்தான் நமக்கு. அடுத்த வாரம் தானா ஏறிரும், அனுப்பு.”

சலோமி 2.5 என்று தட்டினாள். உடனே விஷ்ணுப்ரியாவிடமிருந்து கேள்வி வந்தது. ‘நல்லா இருக்கும்மா. சாப்பாட்டுல எதாவது மாத்தியிருக்கீங்களா?’

முறத்தில் உருவிப் போட்டிருந்த முருங்கைக்கீரை அவள் மடியில் இருந்தது. ‘இல்லை’ என்று அனுப்பினாள். அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஒரு சிரித்த முகத்தோடு பதில் வந்தது.

அடுத்த சனிக்கிழமையும் இதே கூத்துதான். வெந்நீர்க் கிண்ணத்தை அவர் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த சனிக்கிழமையோடு பட்டை டப்பா காலி. அடுத்த டப்பா ஈஸ்டருக்கு ஊர் வருகிற ஒரு குடும்பத்தின் பெட்டியில் வந்துகொண்டிருப்பதாக டெல்பின் சொன்னாள்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப் இருக்கு, ஒரு எட்டு போயி குடுத்துட்டு வந்துருவோமுங்க.”

“லேப்ல குடுத்தா அவன் சொன்னதுதான் நம்பர். எதித்துப் பேச முடியாது” என்றார். “பத்து நாள்தானே. பட்டை வந்துரட்டும்.”

குருத்து ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றும் முன்பே சிரித்தார். லேசாக மூச்சு வாங்கியது.

“சேதி தெரியுமா? சத்தம் அடங்கிருச்சு புள்ள! சோமு அரை மணி நேரம் மேசையில படுத்துக் கெடந்தான். ‘என்னண்ணே, நெஞ்சு இன்னைக்கு வாயே தொறக்க மாட்டேங்குது’ங்கிறான். வால்வு ஒடம்போட ஒட்டிக்கிச்சு, தெரியுதா? இன்னைக்கு மூணு பேருக்கும் நான் வெச்சதுதான் வெலை.”

சலோமி நாற்காலியை அடுப்படிப் பக்கம் ஒரு முழம் நகர்த்திப் போட்டாள். அவர் சாப்பிட்டு அதில் சாய்ந்ததும் குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். மறுநாள் இன்னும் ஒரு முழம் நகர்த்தினாள். “என்ன, அடுப்புக்குள்ளேயே போட்டுருவியா?” என்றார் அவர்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போனார்கள். அன்றைக்கு மணி அடிக்கக் கூடாது. மணிக்குப் பதிலாக ஒருவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனார். சிலுவையை முத்தமிடுகிற வரிசையில் நாலடி நகர்வதற்குள் அந்தோணிமுத்து இரண்டு தடவை நின்றார். மூன்றாவது தடவை பெஞ்சியைப் பிடித்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சலோமி அவர் நெஞ்சில் காதை வைத்தாள். கடைத்தெருவில் பக்கத்தில் நிற்கவே கூசியவள். டிக் இல்லை. உள்ளே எங்கேயோ, துணி சுற்றிய கட்டையைத் தட்டுவதுபோல, தொம்மென்று ஒன்று. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று.

சோமசேகரன்தான் காரைக் கொண்டுவந்தார். புதுச்சேரி போய்ச் சேர மூன்று மணி நேரமாவது ஆகும். சீர்காழி தாண்டியதும் பின்சீட்டில் மூச்சிரைப்பு கூடியது. அதைக் கேட்டுக்கொண்டு சோமசேகரனால் சும்மா ஓட்ட முடியவில்லை.

“அண்ணே, இந்தக் கார குடுத்துரலாம்னு இருக்கேன். ஒரு வெலை சொல்லுங்க பாப்போம்.”

“ஓட்ட… வண்டி…” என்றார் அந்தோணிமுத்து. “எடைக்குத்தான்… எடுப்பேன்.”

“அநியாயம்ணே இது! கேட்டீங்களா அண்ணி?” என்று சிரித்த சோமசேகரன், கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்துக்கொண்டார். சலோமிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இவர் இன்னும் பேரம் பேசுகிறார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். செப்டம்பரில் சிரித்த டாக்டர் இல்லை. இவர் வயசில் சின்னவர். சலோமியின் கைப்பையிலிருந்த மெஷினை வாங்கி, பொத்தானை அழுத்தி அழுத்திப் பழைய நம்பர்களைப் பார்த்தார். அது எதையும் மறந்திருக்கவில்லை.

“இந்த ஒரு சனிக்கிழமை காலையில மட்டும் அஞ்சு தடவை பாத்திருக்கீங்க. நாலு ஒரே மாதிரி இருக்கு. எங்களுக்கு வந்தது அஞ்சாவது.” குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டால் தேவலை என்று சலோமிக்கு இருந்தது. “கீரை ஏதும் அதிகமாச்சா?”

“தவக்காலம் டாக்டர்.”

“அப்படின்னா?”

“நாப்பது நாள்” என்றாள். அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு கட்டிலருகே போனார். அந்தோணிமுத்து மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். நினைவு சுத்தமாக இருந்தது.

“ஐயா, வால்வுல ஒரு மூடி அசையவே இல்ல. ரத்தம் கட்டிருச்சு. இன்னொண்ணு கொஞ்சம்தான் தொறக்குது. மறுபடியும் நெஞ்சத் தொறந்து எடுக்கணும், இப்பவே. மறைக்க விரும்பல. இந்த நெலைமையில, நூத்துக்கு அம்பதுதான் சொல்ல முடியும்.”

அம்பது. பாதி. சலோமிக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. பாதியில்தானே ஆரம்பிக்கிறார் டாக்டர்? இதோ இவர் வாயைத் திறப்பார். என்ன சார் இது, எடுத்த எடுப்புல, என்பார். கடைசியாச் சொல்லுங்க, என்பார். முக்காலுக்கு வந்து நிற்கும். அவள் வழக்கம்போல் ஒதுங்கிப் போகவில்லை. பக்கத்திலேயே, அவர் தோள் இடிக்க நின்றாள்.

அந்தோணிமுத்து டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்றார்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போடத் தாளுக்காகக் கையை நீட்டினார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். நீட்டிய புருஷன் கையைச் சலோமி பிடித்தாள்.

“டாக்டர்” என்றாள். “ஒரு அம்பத்தஞ்சுன்னாவது சொல்லக்கூடாதா?”

கட்டிலில் அந்தோணிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.