கிண்ணத்தின் பூ இல்லாத பக்கம்

தேநீர்க் கிண்ணத்துக்கு ஒரு முகம் உண்டு. எந்தப் பக்கம் பூ வரையப்பட்டிருக்கிறதோ அதுதான் முகம். கொடுப்பவர் அந்த முகத்தை விருந்தாளியின் பக்கம் திருப்பி வைப்பார். விருந்தாளி, இவ்வளவு அழகான இடத்திலா வாயை வைப்பது என்று கூச்சப்பட்டு, அதை மெல்லத் திருப்பி வேறு பக்கத்தில் குடிப்பார். அவரும் திருப்புவார், இவரும் திருப்புவார். ஜப்பானில், எங்கள் கனசாவா ஊரில் பாதிப் பேருடைய ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் தீர்கிறது.

என் அப்பா தெட்சுஜி மட்டும் திருப்பியதே இல்லை. டாக்சி ஓட்டுகிறவர். "நாள் பூரா ஸ்டீயரிங்கத் திருப்பிட்டு வர்றேன், வீட்டுக்கு வந்து கிண்ணத்தையும் திருப்பணுமா?" என்பார்.

அம்மா சயோகோ பிறந்த வீட்டில், குழந்தைகள் நடக்கும் முன்பே மண்டியிட்டு உட்காரப் பழகிவிடுவார்கள். அவளுடைய அக்கா தோமிகோ, என் பெரியம்மா, இன்றைக்கும் வீட்டில் தேநீர் வகுப்பு நடத்துகிறாள். அந்த வீட்டுப் பெண், கிண்ணத்தைத் திருப்பத் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மழையில் டாக்சி கிடைக்காத ஒரு நாள் என்பது வரைக்கும்தான் தெரியும்.

நான் பிறப்பதற்கு முன், மலையடிவாரச் சூளை ஒன்றுக்குப் போய் அம்மா தன் கையாலேயே ஒரு கிண்ணம் செய்தாள். சாம்பல் பூத்த வெள்ளை. ஒரு பக்கத்தில் மட்டும், கொஞ்சம் தலை சாய்ந்த ஒற்றைச் சிவப்புச் சாமந்தி. மறுபக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் விளிம்பு லேசாகப் பள்ளமாக இறங்கியிருக்கும். பெரியம்மா அதைப் பார்த்த அன்றே, "கை நடுங்கிடுச்சா சயோ?" என்று கேட்டாளாம். அம்மா ஆமாம் என்றாளாம். அக்காவிடம் ஆமாம் சொல்வது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் அந்தக் கிண்ணத்தில்தான் தேநீர். அம்மா அவர் முன்னால் அதை வைக்கும்போது வெறும் பக்கம்தான் அவரைப் பார்த்து இருக்கும். பிறகு எதிரில் உட்கார்ந்து, பெரியம்மா பார்த்தால் மயங்கி விழுந்துவிடும்படி கன்னத்தில் கை ஊன்றிக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டாள்.

"பாருடா ஷுன்பே, உங்கம்மா எனக்கு முதுகுப் பக்கத்தத்தான் குடுக்குறா. பூ மேல வாய வெச்சிடுவேன்னு பயம்" என்று அப்பா சொல்வார்.

"டாக்சி டிரைவர் வாய் இல்லையா, பெட்ரோல் வாடை வரும்" என்பாள் அம்மா. மூவரும் சிரிப்போம்.

ஆகஸ்ட் கடைசியில் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகும் அப்பா அதே முதுகுப் பக்க வாக்கியத்தைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள், தகனத்தில் மிஞ்சிய எலும்புகளைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்து, வீட்டில் தேநீர் என்று பெரியம்மா முடிவு செய்தாள். அவள் மாணவிகள் வருவார்கள். கிண்ணம் அம்மாவுடையது. முதல் விருந்தாளி அப்பா. இவை எல்லாவற்றையும் அவள் எங்கள் சமையலறையில் நின்றபடி, அரசாங்க அறிவிப்பு மாதிரி சொன்னாள்.

"நான் எல்லாரையும் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன்க்கா. அது எனக்குத் தெரிஞ்ச வேலை. தேநீர் நேரத்துல வண்டியிலயே இருக்கேன்" என்றார் அப்பா.

"பொண்டாட்டிக்கு நாப்பத்தொம்பது. புருஷன் வண்டியில உக்காந்திருப்பானா?"

"உள்ள வந்தா அவளுக்குத்தான் அவமானம். உங்க வகுப்புப் பொண்ணுங்க எல்லாம் என் கையத்தான் பாப்பாங்க."

"பாக்கட்டும். ஒருநாள் திருப்பினா கை ஒடிஞ்சிடாது."

அப்பா வெளியே போய், ஏற்கனவே பளபளத்துக்கொண்டிருந்த காரைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் பின்னால் போனேன்.

"அவ என்னைக் கட்டிக்கிட்டதுல ஒண்ணும் குறை சொன்னதில்லடா" என்றார் கண்ணாடியைத் துடைத்தபடி. "ஆனா அந்தக் கிண்ணம்... இத்தன வருஷத்துல ஒரு தடவயாவது பூவ என் பக்கம் வெச்சிருக்கலாம். வெச்சிருந்தா நான் திருப்பியிருப்பேனோ என்னவோ. அவ என்னை நம்பவே இல்ல."

அவர் அதை இத்தனை காலம் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு எப்போதும் ஒரு கேலிதான் கிடைக்கும்.

"உள்ள வந்து உக்காருங்கப்பா. வேணும்னா மீட்டரப் போட்டுட்டு வாங்க. காத்திருப்புக் கட்டணத்தப் பெரியம்மா கணக்குல எழுதிக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வந்து உட்கார்ந்தார். கறுப்புக் கோட்டு, வேலைக்குப் போடும் வெள்ளைக் கையுறைகள் பையில் துருத்திக்கொண்டு.

எனக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைக்கிற வேலை. கல்லூரித் தேநீர்க் கழகத்தில் இருக்கிறேன், இனிப்புக்காகச் சேர்ந்தவன். "நீ கலக்கினா தேநீர்ல கப் நூடுல்ஸ் வாடை வரும்" என்று சொல்லிவிட்டுக் கலக்குவதைப் பெரியம்மாவே எடுத்துக்கொண்டாள். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "பூ எங்க இருக்கோ அதுதான் முகம். முகம் விருந்தாளி பக்கம். சயோ வீட்டுல என்ன விளையாட்டு விளையாடினாளோ தெரியாது, இன்னிக்கி முறைப்படி."

சுவரில் அம்மாவின் படம். அறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும். மாணவிகள் வரிசையாக, கண்களைத் தாழ்த்தி, ஒருத்தர் விடாமல் அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா கலக்கிக் கொடுத்ததை எடுத்துப்போய் அப்பாவின் எதிரில் மண்டியிட்டேன். சாமந்தி அவரைப் பார்க்கும்படி வைத்தேன். வணங்கினேன்.

அப்பா பூவைப் பார்த்தார். வழக்கமாகப் போகும் தெருவில் திடீரென்று ஒருவழிப் பாதைப் பலகை முளைத்திருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. பிறகு கிண்ணத்தைக் கையில் எடுத்து, நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். வெறும் பக்கம் தன்னிடம் வந்ததும் நிறுத்தினார்.

மாணவிகளிடமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. கடைசியில் திருப்பிவிட்டார்! ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரிந்தது, அவர் முறையைச் செய்யவில்லை. அம்மா எப்படி வைப்பாளோ அப்படி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நான் இப்போது எழுந்து பின்வாங்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. பெரியம்மாவின் பார்வை என் கழுத்தில் குத்தியது. வேறு வழியில்லாமல் அங்கேயே இருந்தேன்.

அப்பா கிண்ணத்தைத் தூக்கினார். விளிம்பின் பள்ளம் அவருடைய கீழுதட்டில் அளவெடுத்தது போலப் பொருந்தியது. கிண்ணம் சாய்ந்தது. சாமந்தி நிமிர்ந்தது. கிண்ணம் சும்மா இருக்கும்போது தலை சாய்ந்திருக்கும் பூ, அவர் குடிக்கும்போது நேராக நின்றது. அதற்கு மேலே அவருடைய மூடிய கண்கள், நரைத்த புருவம், ஆவியில் நனைந்த நெற்றி.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் மட்டும்தான் அது தெரியும். அம்மா கன்னத்தில் கை வைத்து உட்காரும் இடம் அது.

கிண்ணம் செய்த அன்று அம்மாவுக்குக் கை நடுங்கவில்லை. எதுவும் தவறவில்லை.

அப்பா குடித்து முடித்து, கிண்ணத்தைக் கீழே வைத்து, எல்லோரையும் போல வணங்கப் பார்த்தார். நான் எழுந்தேன், அதாவது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பெரியம்மா, இதே கிண்ணத்துல இன்னொண்ணு வேணும். எனக்கு."

"உனக்கு என்ன பைத்தியமா? வரிசையில நீ எங்கடா இருக்க?"

"அப்பா, நீங்க எந்திரிச்சு என் இடத்துக்கு வாங்க. நான் அங்க உக்காரணும்."

"எதுக்குடா? ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" அப்பாவின் முகம் வெளிறியிருந்தது.

"இல்லப்பா. வாங்க."

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கிண்ணத்தைக் கையில் வாங்கி, விளிம்புப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து, அப்படியே வைத்திருந்தாள். தங்கையின் படத்தை ஒருமுறை பார்த்தாள். அகப்பையை எடுத்தாள். கழுவினாள், பொடி போட்டாள், வெந்நீர் ஊற்றினாள், கலக்கினாள். என்னிடம் கொடுத்து அனுப்பாமல் தானே எடுத்து வந்தாள். என் முன்னால் வைத்தபோது பூ இல்லாத பக்கத்தை என் பக்கம் வைத்தாள். வாழ்நாளில் அவள் செய்த முதல் தவறு அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா எதிரில் வந்து உட்கார்ந்திருந்தார், என்ன செய்வதென்று தெரியாத கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு.

நான் கிண்ணத்தைத் தூக்கிச் சாய்த்தேன்.

கசப்பாக, சூடாக இருந்தது. கண்ணை மூடியிருந்ததால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"தினமும் இதையா பாத்துட்டு இருந்தா?" என்றார்.

கிண்ணத்தை இறக்காமல் தலையை அசைத்தேன்.

"என் மூஞ்சிக்குக் கீழயா?"

மறுபடி அசைத்தேன்.

"சொல்லியிருந்தா மூஞ்சியைக் கழுவிட்டாவது வந்து உக்காந்திருப்பேனே" என்றார் அப்பா. பையிலிருந்து ஒரு வெள்ளைக் கையுறையை எடுத்துக் கண்ணை அழுத்திக்கொண்டார். ஒரு மாணவியும் தலை நிமிரவில்லை.

தேநீர் அநேகமாக முடிந்துவிட்டது. அடியில் ஒரு வாய்தான் மிச்சம். நான் கிண்ணத்தை இறக்கப்போனேன்.

"இருடா" என்றார். கை மெல்ல எழுந்து, அவருடைய கன்னத்துக்குப் போயிருந்தது. "மெதுவாக் குடி."