ஜோதிமணி எழுதிய எண்

அஷ்வினி இரண்டாம் முறை எண்ணியபோதும் இருபத்திரண்டுதான் வந்தது. அரை நிமிடத்துக்கு இருபத்திரண்டு என்றால் முழு நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு. ஜோதிமணியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், விரல்களை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தி அழுத்தினாள், மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் மைதானத்து ஓரத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு, எண்பத்து நாலு, தொண்ணூறு என்று சுற்றிலும் குரல்கள் கேட்டன. ஓடுவதற்கு முன்னால் நாடி எத்தனை முறை துடிக்கிறது, மைதானத்தை இரண்டு சுற்று ஓடி வந்த பிறகு எத்தனை என்று ஒவ்வொரு ஜோடியும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அனுப்ரியா மிஸ் அன்றைய அறிவியல் வகுப்புக்குக் கொடுத்திருந்த சோதனை அவ்வளவுதான்.

"சும்மா இரு கணே. கையை ஆட்டிட்டே இருக்க நீ."

"நான் எங்கடி ஆட்டுறேன்?"

இரண்டு பேர் வீட்டிலும் தமிழ்தான். ஆனாலும் கன்னட ஊரில் வளர்ந்தவர்கள் என்பதால், தங்களுக்குள் பேசும்போது 'டீ'க்குப் பதில் 'கணே' என்று கன்னடம் ஊடே புகுந்துவிடும்.

ஓடி வந்த பிறகு அஷ்வினிக்கு நூற்று முப்பத்திரண்டு இருந்தது. ஜோதிமணி முதல் சுற்றின் பாதியிலேயே ஷூ நாடாவைக் கட்டுகிறவளைப் போலக் குனிந்துவிட்டு மீதியை நடந்து முடித்தாள். மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது. ஆனால் அஷ்வினியின் விரலுக்கு அடியில் நாடி மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஐம்பது.

"எண்பத்திரண்டு, நூத்தி முப்பதுன்னு எழுதிடு," என்றாள் ஜோதிமணி.

"அது பொய். நான் எண்ணினது நாப்பத்தி நாலு."

"உனக்கு எண்ணத் தெரியல. எழுதுடி, எல்லாரும் குடுத்துட்டாங்க பாரு."

அஷ்வினி மாட்டேன் என்றாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள். ஒரு கணக்குக்கு விடை வராவிட்டால் மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஜோதிமணி அவளிடமிருந்து தாளைப் பிடுங்கித் தானே எழுதி, மிஸ்ஸின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

எல்லோரையும் போல் இருந்துகொள்வதற்கு அவளிடம் இப்படிச் சில வழிகள் இருந்தன. ஷூ நாடா ஒன்று. வயிற்று வலி ஒன்று. மண்டி மொஹல்லா பகுதியில் ஒரு காகிதக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். தண்ணீர் கீழே இருந்த குழாயில்தான் வரும். குடத்தோடு முதல் மாடியில் நின்று, எதிர்க் கடைக்காரர் பெட்டிகளை அடுக்குவதை வேடிக்கை பார்ப்பதாகக் காட்டிக்கொள்வது இன்னொரு வழி. ஊதுபத்தி கட்டும் வேலையிலிருந்து திரும்பி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கும் அம்மா ராணி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏ புள்ளே, அங்கென்ன நாடகமா நடக்குது? சோம்பேறிக் கழுதை!" என்று கத்துவாள். சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து வரும் சொந்தக்காரர்களிடமும், இது சாப்பிட்டால் தூங்கும், தூங்கினால் எழுந்திருக்காது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஜோதிமணிக்கு அதில் பெரிய வருத்தம் ஏதும் இல்லை. அம்மா சொல்வது சரியென்றே அவளும் நினைத்திருந்தாள். களைப்பு எல்லோருக்கும்தான் வருகிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், தன்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது அவள் கண்ட விளக்கம்.

மறுநாள் அனுப்ரியா மிஸ் கரும்பலகையில் ஒரு வரைபடம் போட்டிருந்தார். கீழ்க்கோட்டில் ஓடுவதற்கு முந்தைய எண், பக்கக் கோட்டில் ஓடிய பிறகான எண். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. தனியாக மேலே கிடந்த ஒரு புள்ளியைக் காட்டி இது யார் என்று கேட்டார். முதல் நாள் காய்ச்சலோடு வந்த பையன் கையைத் தூக்கினான். கூட்டத்தை விட்டு விலகியிருக்கிற புள்ளியைப் பிழை என்று உடனே அழித்துவிடக் கூடாது, திரும்ப அளந்து பார்க்க வேண்டும், அளந்த பிறகும் அங்கேயே நின்றால் ஏன் என்று கேட்க வேண்டும் என்று மிஸ் கன்னடத்தில் சொன்னார். பிறகு சாக்பீஸால் கூட்டத்தின் சரியான நடுவில் இருந்த ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இந்த வகுப்பில் சராசரி என்றால் இதுதான். ஜோதிமணி, எழுந்து நில்லு. எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். ஜோதிமணி எழுந்து நின்றாள். பாராட்டு வாங்கிப் பழக்கமில்லாத முகத்தில் ஒரு சிரிப்பும் வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் அஷ்வினி எழுந்தாள்.

"மிஸ், அது பொய். அவளுக்கு நாற்பத்து நான்கு. ஓடின பிறகு ஐம்பது. நான் இரண்டு தடவை எண்ணினேன்."

வகுப்பு சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து யாரோ ஆமை என்றார்கள். மிஸ் சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

இடைவேளையில் ஜோதிமணியை ஆசிரியர் அறையில் உட்கார வைத்து அவரே எண்ணினார். முழு நிமிடம் எண்ணிவிட்டு, மற்ற கையைப் பிடித்து இன்னொரு நிமிடம் எண்ணினார். மிஸ்ஸுக்கும் வீட்டில் தமிழ்தான் என்பது அன்றைக்குத்தான் ஜோதிமணிக்குத் தெரிந்தது.

"எப்பவாவது மயக்கம் வந்துருக்காம்மா?"

"இல்ல மிஸ்." பிறகு, "குழாய்கிட்ட ஒரு வாட்டி கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. உக்காந்துட்டேன்."

"ஏன் பொய்யா எழுதினே?"

ஜோதிமணி குனிந்து, அவிழாத ஷூ நாடாவை இழுத்துக் கட்டினாள். மிஸ்ஸும் வற்புறுத்தவில்லை. அலைபேசியை எடுத்து அம்மாவின் எண்ணைக் கேட்டார்.

ராணி மாலையில் வேலையிலிருந்து நேராக வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் அது என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்ததுமே, "பொறந்ததுலருந்தே கொஞ்சம் சோம்பலுங்க மிஸ். நானும் சொல்லாத சொல்லு இல்லீங்க," என்று ஆரம்பித்தாள்.

"அதுக்காகக் கூப்பிடலங்க." மிஸ் அவள் கையையும் ஓரமாக நின்ற மகள் கையையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நீங்களே ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

ராணியின் விரல்களில் சந்தனத் தூள் ஒட்டியிருந்தது. முதலில் தன் கையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு மகள் கையை. நாடி எங்கே என்று விரல்களை நகர்த்தித் தேடினாள். கிடைத்ததும், அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நின்னு நின்னு அடிக்குதுங்களே."

"நான் டாக்டர் இல்லீங்க. இது என்னன்னு எனக்குத் தெரியாது. எண்ணினதுல தப்பு இல்லேன்னு மட்டும் தெரியும். தள்ளிப் போடாம ஒரு ஈசிஜி எடுத்துடுங்க."

அப்பா ரத்தினவேல் டைல்ஸ் வேலை முடித்து வந்து விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "டீச்சரம்மா பாடத்துக்காக எண்ணிப் பாத்ததுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடறதா? புள்ள நல்லாத்தான இருக்குது?" ராணி அவர் கையை இழுத்து மகள் மணிக்கட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வரமுடியாது என்று மேஸ்திரிக்கு அவரே சொல்லிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த தாளை டாக்டர் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். சின்ன வயதுக்காரர். எல்லாவற்றையும் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். இதயத்தின் மேல் அறைகள் சரியான வேகத்தில்தான் துடிக்கின்றன. அந்தச் செய்தி கீழ் அறைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால் கீழ் அறைகள் தங்கள் பாட்டுக்கு மெதுவாக வேலை செய்கின்றன. பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு நாள் முழுக்க உடம்பில் கருவி மாட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன் என்றார்.

"மாடி ஏறும்போது நின்னுடுவாளுங்க. அது இதனாலதானா?" என்று ராணி கேட்டாள்.

"வேறெதனால்? இந்த வேகத்தை வைத்துக்கொண்டு இவள் தினமும் மாடி ஏறி இறங்கினதே ஆச்சரியம்."

ராணி எழுந்து வெளியே போனாள். நடைவழிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவு திறந்திருந்ததால் அவள் முதுகு குலுங்குவது உள்ளே தெரிந்தது. ஜோதிமணிக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அதோடுகூட நெஞ்சுக்குள் வேறொன்று எழும்பிக்கொண்டிருந்தது. அது சந்தோஷம் என்று தெரிந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. டாக்டர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

டாக்டர் ஏதோ வேடிக்கையான கேள்வி என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார், பிறகு கீழே தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ராணியே எல்லாக் குடங்களையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். ஜோதிமணி கட்டிலில் உட்கார வைக்கப்பட்டாள். பால் வந்தது, தலையணை வந்தது. "உன்ன எத்தன தரம் கண்ணு..." என்று ஆரம்பித்த அம்மா மீதியைச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா திட்டாமல் இருந்தது, வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி இருந்தது. வேண்டுமென்றே போர்வையை மடிக்காமல் போட்டுப் பார்த்தாள். அம்மா வந்து மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

கருவியைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியே அவள் போனபோது பள்ளி வாசலில் அஷ்வினி நின்றிருந்தாள். அந்த வகுப்புக்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

"எங்கம்மா என்னைத் திட்டினாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாதாம்."

"கூடாதுதான்."

"கோவமா இருக்கியா?"

"ஆமா."

அஷ்வினி அவள் தோளிலிருந்த பையை வாங்கக் கையை நீட்டினாள். ஜோதிமணி கையைத் தட்டிவிட்டாள். "நான் எடுத்துக்குவேன்." சரி என்று அஷ்வினி விட்டுவிட்டாள். ஆனால் மைதானத்தைக் கடக்கும்போது எப்போதும் போல முன்னால் ஓடாமல், ஜோதிமணி நின்ற இடங்களில் தானும் நின்றாள். ஏன் நிற்கிறாய் என்று ஜோதிமணி கேட்கவில்லை.

கருவி சொன்னது நல்ல செய்தி இல்லை. தூங்கும்போது துடிப்பு இன்னும் குறைந்திருந்தது, நடுநடுவே நீளமான இடைவெளிகள் விழுந்திருந்தன. இனி தாமதிக்க வேண்டாம், பேஸ்மேக்கர் வைத்துவிடலாம், வியாழக்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார் டாக்டர். எங்கே வைப்பார்கள் என்று அப்பா கேட்டதற்கு, ஜோதிமணியின் இடது தோள் எலும்புக்குக் கீழே பேனாவின் மூடியால் தொட்டுக் காட்டினார். மூடி சில்லென்று இருந்தது. அதுவரை அவளுக்குப் பயமே வந்திருக்கவில்லை. தான் சோம்பேறி இல்லை என்பதிலேயே அவள் நான்கு நாட்களைக் கழித்திருந்தாள். இப்போது அந்தச் சின்ன இடம் மட்டும் உடம்பில் தனியாகத் தெரிந்தது.

"அப்புறம் ஓடலாமுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"கொஞ்ச நாள் கழித்து ஓடலாம்."

"ஓடாட்டியும் பரவால்லீங்க. எந்திரிச்சு நடந்தா போதும்," என்றாள் ராணி.

வெளியே வந்ததும், எப்போதும் பஸ்ஸுக்கே காத்திருக்கும் அப்பா கையைத் தட்டி ஆட்டோவை நிறுத்தினார். அவர் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். பின்னால் அம்மாவும் மகளும். நான்கு இரவுகளாக ராணி சரியாகத் தூங்கியிருக்கவில்லை. மகள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ கிளம்பி முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தலையின் முழு பாரமும் ஜோதிமணியின் இடது தோளில், டாக்டர் தொட்டுக் காட்டிய இடத்துக்குச் சற்று மேலே இறங்கியது. நகர்ந்தால் விழித்துக்கொள்வாள் என்று ஜோதிமணி அசையவில்லை. சாயங்கால நெரிசலில் ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. எதிரே தூரத்தில் வேகத்தடை தெரிந்தது, முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக எழும்பி இறங்கின. ஜோதிமணி உள்ளங்கையை விரித்து அம்மாவின் கன்னத்துக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு, காலை முன்கம்பியில் ஊன்றினாள்.