எஞ்சின் இல்லாத மாற்று வண்டி

காட்டுக்குள் போக ஒரு வழி போதும். வீடு திரும்ப இரண்டு வழி வேண்டும். மனித நாகரிகமே இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து எங்கள் பனிவண்டி கிளப்பின் வாசலில் மாட்டியிருக்கிறார் தலைவர் தார்ன்டன் பிங்கம். அவரை இதுவரை மூன்று முறை நாங்கள்தான் காட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். ஒரு முறை, சாலையில் பனி அள்ளும் இயந்திரத்தின் வாளிக்குள் உட்கார்ந்து வந்தார். தகடு அதற்கு அடுத்த வாரம் வந்தது.

அலாஸ்காவில் எங்கள் ஊரிலிருந்து பதினான்கு மைல் வடக்கே, ஏரிக்கரையில் கிளப்புக்கு ஒரு மரக்குடில் இருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி. அதிகம் பயன்படுத்துகிறவள் வெர்லா ஹோக். ஐம்பத்தெட்டு வயது. வெள்ளி மதியம் கிளம்பிப் போனால் ஞாயிறு திரும்புவாள். இந்த மாவட்டத்தில் தார்ன்டனின் குரல் எட்டாத இடம் அது ஒன்றுதான் என்பாள், அவர் பக்கத்தில் இருக்கும்போதே.

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிதான் பனிவண்டி; அவளுடையது பழையது. அதன் பின்னால் ஒரு சறுக்குவண்டியைக் கட்டி இழுத்துப் போவாள். அதில் மூன்று நாய்கள் உட்கார்ந்திருக்கும்: பாஸ்டர், பிஸ்கட், ஸ்க்ரூ. ஒரு காலத்தில் பந்தயம் ஓடி ஓய்வு பெற்றவை. எஞ்சின் நின்றால் சறுக்குவண்டியை அவிழ்த்து நாய்களைப் பூட்டிக்கொள்வாள். அதுவரை அவை காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சவாரி செய்யும்.

ஜனவரிக் கூட்டத்தில் தார்ன்டன் நான்காம் விதியைக் கொண்டுவந்தார். குடிலுக்குப் போகிறவர் மாற்று வண்டியோடுதான் போகவேண்டும்; மாற்று வண்டிக்கு எஞ்சின் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சாவியை ஒப்படைக்கவேண்டும். தார்ன்டனிடம் அப்போது இரண்டு புதுப் பனிவண்டிகள் இருந்தன.

"சட்டம் எல்லாருக்கும் பொதுதான் வெர்லா. உன்னை மட்டும் வெச்சு எழுதல," என்றார்.

"நாய் வளக்குறவ இந்த கிளப்புல நான் ஒருத்திதான்யா. வேற யாரை வெச்சு எழுதின?"

"நாய் வாகனம் ஆகாது."

"உன் வண்டிய கூப்பிட்டா வருமா? என் வண்டி வரும்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு எல்லாரும் விதிக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினோம். நானும் தூக்கினேன். தார்ன்டனின் இரண்டாவது பனிவண்டியை ஓட்டுகிற ஆள் நான்.

"சனிக்கிழமை பரிசோதனைப் பயணம்," என்றார் தார்ன்டன். "எஞ்சினோட ரெண்டாவது வண்டி கொண்டா. இல்ல, சாவியக் கொண்டா."

சனிக்கிழமை காலை, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. பயணத்துக்கு தார்ன்டன், நான், வெர்லா, மூன்று பேர்தான். வெர்லா வந்தாள். பின்னால் மூன்று நாய்களும் வந்தன.

"சாவி எங்க?"

"கழுத்துல. எடுக்கணும்னா பாஸ்டரத் தாண்டி வா."

தார்ன்டன் பாஸ்டரைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. குடிலில் வைத்தே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

பரிசோதனைப் பயணத்துக்கு எல்லா வண்டிகளும் கிளப் பீப்பாயிலிருந்துதான் பெட்ரோல் போடவேண்டும் என்பது ஆறாம் விதி. கண்ட இடத்துப் பெட்ரோலை நம்ப முடியாதாம். வெர்லா தன் டாங்கை ஏறக்குறைய காலியாக வைத்திருந்தாள், முணுமுணுத்துக்கொண்டே நிரப்பவிட்டாள். பீப்பாய்க்குப் பொறுப்பாளன் நான். அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் அதைத் தொட்டேன்.

ஒன்பதாவது மைலில் தார்ன்டனின் வண்டி இருமியது. பிறகு நின்றது. அவர் இறங்கி விரலை உயர்த்தினார்.

"பாத்தியா வெர்லா? இதுக்குத்தான் சொன்னேன். ஏர்ல், நகரு."

என் பின்னால் ஏறிக்கொண்டார். இருநூறு கெஜம் போனோம். என் வண்டியும் இருமியது. வெர்லாவின் வண்டியும் எங்கள் பக்கத்தில் வந்து, மரியாதை செய்வதுபோல் நின்றது. பெட்ரோலில் தண்ணீர், குழாய்க்குள் பனிக்கட்டி. மூன்று எஞ்சினும் ஒரே பீப்பாயில் குடித்தவை.

தார்ன்டன் அவசர உதவிக் கருவியை அழுத்தினார். காற்று அதிகம், ஹெலிகாப்டர் நாளைக்குத்தான், இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று பதில் வந்தது. நிலைமையை ஆராயப் போகிறேன் என்று ஓடைப்பக்கம் நாலடி நடந்தார். மேலே பனி, அடியில் தண்ணீர். இரண்டு காலும் முழங்கால் வரை இறங்கின.

அந்தக் குளிரில் நனைந்த காலோடு நிற்பது விளையாட்டில்லை. வெர்லா அவரை உட்காரவைத்து பூட்ஸை உருவினாள், காலைத் துடைத்தாள், தன் கம்பளிக் காலுறையை மாட்டினாள். தான் தூங்கும் பைக்குள் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்து சறுக்குவண்டியில் சாய்த்தாள். நாய்களைப் பூட்டினாள். பிறகு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இது என்ன சொல்லு."

"வெர்லா, காலு வலிக்குது."

"வலிக்குதுன்னா இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம். இது என்ன?"

"சறுக்குவண்டி."

"முன்னாடி நிக்கிறது?"

"நாய்."

"ரெண்டும் சேந்தா?"

தார்ன்டன் வானத்தைப் பார்த்தார். ஹெலிகாப்டர் எதுவும் இல்லை.

"வாகனம்," என்றார்.

"ஏர்ல், கேட்டியா?"

"கேட்டேன்."

"கூட்டத்துல காது அடைச்சுக்கும். இன்னொரு தடவை சொல்லு தார்ன்டன், சத்தமா."

"வாகனம்! மாற்று வாகனம்! கெளம்பு தாயே!"

"சாவி?"

"உன்கிட்டயே இருக்கட்டும்!"

நாய்கள் கிளம்பின. குடில் ஐந்து மைல்தான், ஆனால் அந்தப் பக்கம் தடமில்லாத பனி; எங்கள் வண்டிகள் அழுத்திவிட்டு வந்த தடத்திலேயே ஊரைப் பார்க்கத் திரும்பினோம், வெர்லா பின்னால் நின்று தள்ளினாள். மேட்டில் நானும் தள்ளினேன். பாஸ்டர் வழியில் இரண்டு முறை நின்று தன் சொந்த வேலையைச் செய்தது. தலைவருக்கு மிக அருகில்தான். வெளிச்சம் போகுமுன் ஊருக்குள் வந்துவிட்டோம். தார்ன்டனின் பத்துக் கால்விரலும் பிழைத்தன.

செவ்வாய்க் கூட்டத்தில் நான்காம் விதி திருத்தப்பட்டது: மாற்று வண்டிக்கு எஞ்சினோ வாலோ இருக்கவேண்டும். வெர்லா கையைத் தூக்கவில்லை. "என் வண்டிக்கு உங்க அனுமதி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்று செவ்வாய்தான், இருந்தும் குடிலுக்குப் போனாள்.

தார்ன்டன் மேஜையைத் தட்டினார். பீப்பாய்க்குள் தண்ணீர் போனது தற்செயல் அல்ல, பொறுப்பில்லாத ஒருவரின் செயல், ஆளைக் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்றார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு நான்தான்.

அறிக்கை எழுதப் பேனா தேடினேன். பீப்பாயின் மூடி அக்டோபரிலிருந்து என் கோட்டுப் பையில் இருந்தது.